பதினோரு மெஷின் வந்த நாள்

கூனாராவில் நவம்பர் மாதத்தில் யாரும் சாவதில்லை. அதற்கு நேரம் கிடையாது. கோதுமை காய்ந்து தலை சாய்ந்துவிட்டால் கல்யாணம், பல் பிடுங்குவது, புருஷனோடு சண்டை எல்லாவற்றையும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிடுவோம். மெல்பர்னில் மாடியில் உட்கார்ந்திருக்கிற அறக்கட்டளைக்காரர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. ஜனவரி விடுமுறையில் பிள்ளைகளுக்காக நிதி தருகிறோம், ஆனால் இரண்டு ஊர் சேர்ந்து கேட்டால்தான் தருவோம் என்று அறிவித்துவிட்டு, கடைசி நாளை நட்டநடு அறுவடையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இரண்டு ஊர் என்றால் எங்களுக்கு வின்டர்லியை விட்டால் வேறு கதி இல்லை. இருபத்தெட்டுக் கிலோமீட்டர். அவர்களிடம் நீச்சல் குளம் இருக்கிறது, நீந்தப் பிள்ளைகள் அவ்வளவாக இல்லை. எங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், குளம் இல்லை. வெளியாள் பார்த்தால் நல்ல பொருத்தம் என்பான். ஆனால் பதினாறு வருஷத்துக்கு முந்தைய கால்பந்து இறுதிப் போட்டியில் விழுந்த அடியை இரண்டு ஊரும் இன்னும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் நோலா, பள்ளி பஸ் ஓட்டுகிறவள். என் பஸ்ஸில் இடப்பக்கம் கூனாரா, வலப்பக்கம் வின்டர்லி என்று பிள்ளைகள் தாமாகவே பிரிந்து உட்காருவார்கள். அந்த ஆட்டம் நடந்தபோது இவர்களில் ஒருவர்கூடப் பிறக்கவில்லை.

இரண்டு ஊரையும் ஒரே தாளில் உட்காரவைக்கக் கிளம்பியவள் ரேலீன் ஷாட்ஸ், என் எதிர்வீட்டுக்காரி. கோதுமைக் கிடங்கில் அவளுக்கு வேலை. வரிசையில் நிற்கிற லாரிகளில் குழாயை இறக்கி மாதிரி எடுத்து ஈரம் பார்த்து அனுப்ப வேண்டும். அறுவடைக் காலத்தில் காலை ஆறரைக்குப் போனால் கடைசி லாரி போகும்வரை அங்கேதான். புருஷன் டாரில் மூன்று அறுவடைக்கு முன்னால் சொந்தத் தானியக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவன். இப்போது கைத்தடியோடு நடக்கிறான். நிலத்தை விளைச்சலில் பாதி என்று குத்தகைக்கு விட்டுவிட்டு, கொட்டகையில் ஊராரின் பம்ப்புகளையும் புல்வெட்டிகளையும் பழுது பார்க்கிறான். ஒரே மகள் இண்டி, பதின்மூன்று வயது.

ரேலீனுக்கு இந்த நிதி ஏன் உயிர்ப் பிரச்சினையானது என்று சொல்லிவிடுகிறேன். போன பிப்ரவரியில் நாற்பத்து மூன்று டிகிரி அடித்த ஒரு நாள், இண்டி மற்ற பிள்ளைகளோடு பாசன வாய்க்காலில் குதித்தாள். அன்று மதகைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டுபோய் மதகின் கம்பிகளோடு அழுத்திவிட்டது. கூட இருந்த ஒரு பெண் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து மேலே இழுத்ததால் பிழைத்தாள். நெஞ்சில் கம்பிகளின் தடம் மூன்று வாரம் நீலமாக இருந்தது. அவ்வளவு பட்டும் அடுத்த மாதமே மறுபடி வாய்க்காலுக்குப் போனாள். வெயில் அப்படி. அன்றிலிருந்து ரேலீன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மகளின் தலையில் கை வைத்து ஈரம் பார்ப்பாள். நாள் முழுக்க கோதுமையில் பார்த்தது போதாது என்று வீட்டிலும் அதே வேலை என்று நான் ஒருநாள் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினெட்டாயிரம் டாலர் கேட்டிருந்தாள். ஆறு வாரத்துக்கு வின்டர்லி குளத்துக்கு பஸ், காவலுக்கு இரண்டு பேர், நீச்சல் சொல்லித்தர ஒரு ஆள். பஸ்ஸை நான் சும்மா ஓட்டித் தருவதாக ஏற்பாடு. வின்டர்லி குளக் கமிட்டித் தலைவர் மெர்வ் லிண்ட்னர், எழுபது வயது விவசாயி, பேச்சு இல்லாமலே கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊர் சார்பில் ரேலீன் போட்டாள். பதினான்கு பக்கத்தை மூன்று வாரம் உட்கார்ந்து நிரப்பி அனுப்பிவிட்டு, ஒருநாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கரைக்கு மெல்பர்னிலிருந்து ஹன்னா என்ற பெண் ஃபோன் செய்தாள். ரேலீன் லாரி மேடையில் குழாயும் கையுமாக நின்றபடி பேசினாளாம். ஏழாம் பக்கம் சரியில்லை என்றாள் ஹன்னா. பணமாக இல்லாமல் உழைப்பாக ஊர்க்காரர்கள் தருகிற பங்கு என்று ஒரு கட்டம். கடந்த மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஊரும் சேர்ந்து யாருக்காகவாவது கூலி வாங்காமல் உழைத்ததற்கு முந்நூறு மணி நேரமாவது காட்ட வேண்டும். பெயர், நேரம், பயன்பெற்றவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். அந்தக் கட்டத்தில் மெர்வ் பூஜ்யம் போட்டிருந்தார். அதைவிட வேடிக்கை, ரேலீனும் பூஜ்யம்தான் போட்டிருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதலாமா என்று பதினெட்டு பேரைக் கேட்டாள். பதினெட்டு பேரும் செய்கிறோம், ஆனால் எழுதாதே என்றார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டுகிறவனை உப்பில்லாத பண்டமாகத்தான் பார்ப்போம். செய்தவனும் பேசமாட்டான், வாங்கிக்கொண்டவனும் நன்றி சொல்லமாட்டான். அடுத்தவன் வீட்டில் இடி விழும்போது தானாகப் போய் நிற்பான், அவ்வளவுதான். அதைத் தாளில் எழுதி மணிக்கு நாற்பத்தைந்து டாலர் என்று விலை போடச் சொன்னால் கை பூஜ்யத்தைத்தான் போடும்.

திருத்தி அனுப்ப மறுநாள் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை அவகாசம். இரண்டு ஊர் சார்பில் கையெழுத்துப் போட்டவர்களும் ஒரே ஃபோனில் இருந்து, கணக்கு உண்மைதான் என்று வாயால் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மழை என்று வானொலி மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. அறுக்காத கோதுமையில் மழை விழுந்தால் மாவுக்கோதுமை மாட்டுத்தீவனம் ஆகிவிடும். ஆகவே அன்றைக்கு எந்த விவசாயியையும் மெஷினை விட்டு இறக்க முடியாது.

ரேலீன் ஆறு மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வெளியே இன்னும் நாற்பத்தொரு டிகிரி. டாரில் மேசையில் ஆறின ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டிருந்தான். டின் பீட்ரூட், உருளைக்கிழங்கு சாலட், ரொட்டி. இப்படிப்பட்ட நாட்களில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து, இரண்டு ஊரும் சேர்ந்து செய்த காரியம் எது எது என்று யோசித்தோம். தீயணைப்பு அரசாங்கக் கணக்கு, சேராது. குளத்துக்கு வெள்ளையடித்தது வின்டர்லிக்காரர்கள் மட்டும். கால்பந்தில் இரண்டு ஊரும் சேர்ந்து செய்தது அடிதடி ஒன்றுதான் என்றேன். மீதி இருந்த ஒன்று மூன்று பேருக்குமே தெரியும். டாரில் கறியை இன்னும் மெல்லிசாக வெட்டினான்.

மூன்று வருஷத்துக்கு முன் நவம்பர் கடைசி வாரம், டாரில் பெண்டிகோ ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தபோது, அவனுடைய ஆயிரத்து அறுநூறு ஏக்கரும் அறுக்காமல் நின்றது. ஒரு சனிக்கிழமை விடியலில் இரண்டு ஊரிலிருந்தும் பதினோரு அறுப்பு மெஷின்கள் வரிசையாக வந்தன. தங்கள் பயிரை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். இருட்டுவதற்குள் கடைசிக் கதிர்வரை அறுத்து, கிடங்கில் கொட்டிவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூட அதைப்பற்றிப் பேசியதில்லை.

கடைசியில் ரேலீன்தான் சொன்னாள்.

"அந்த சனிக்கிழமைய எழுதலாம்னு இருக்கேன்."

டாரில் கத்தியைக் கீழே வைத்தான். "வேணாம்."

"வேற ஒண்ணும் இல்ல டாரில். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"என்னன்னு போடறது? இந்த நொண்டிக்குப் பிச்சை போட்டாங்க, இத்தனை மணி நேரம், இத்தனை டாலர்னா? அந்தத் தாள் வின்டர்லி கமிட்டில ஒவ்வொருத்தன் கைக்கும் போகும். என் முதுகை விக்காத ரேலீன்."

"உன் முதுகு போயாச்சு. நான் இருக்கற பொண்ணைப் பத்திப் பேசறேன்."

அந்த நேரம் பார்த்து இண்டி பின்கதவு வழியாக வந்தாள். காலில் செம்மண் சேறு. ரேலீன் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தாள். கை நனைந்தது.

"எங்கடி போன?"

"தெரிஞ்சேதான கேக்கற."

"போகாதன்னு எத்தனை தரம் சொல்றது?"

"வேற எங்க போறது, நீயே சொல்லு. வீடு வேகுது. நீ கிடங்குல இருக்க, அப்பா கொட்டகைல பேசாம உக்காந்திருக்காரு. அங்க போனா அஞ்சு பேராவது இருக்காங்க."

பெண் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். டாரில் தட்டைத் தள்ளிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். ரேலீன் மெர்வுக்கு ஃபோன் செய்தாள். அன்று வீட்டை ஒட்டிய வயலில் இருந்தார்; மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் கத்தியது எனக்கே கேட்டது. பக்கத்து ஊர்க்காரனுக்குச் செய்ததற்கு மணிக்கணக்கு எழுதின தாளில் தன் பெயர் இருக்காது என்றார். டாரில் மனசு என்ன பாடுபடும் என்று யோசித்தாயா என்று அவளையே திருப்பிக் கேட்டார். பெண்பிள்ளை விஷயம் தனக்கும் தெரியும், பணம் வராவிட்டால் குளத்துக்கான செலவைத் தானே போடுகிறேன் என்றார். ரேலீனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போன வருஷம் தன் டிராக்டர் டயரையே மாற்ற முடியாத மனுஷன், இவர் எங்கிருந்து பதினெட்டாயிரம் போடுவார் என்று என்னிடம் கேட்டாள். இந்த நல்ல மனுஷர்களை வைத்துக்கொண்டு ஒரு கெட்ட காரியம்கூடச் செய்ய முடியாது என்றாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நான் பஸ்ஸுக்கு எண்ணெய் பார்க்க வெளியே வந்தேன். எதிர்வீட்டுக் கொட்டகை வாசலில் டாரில் கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே ரேலீன் தாளும் பேனாவுமாகத் தரையில். இண்டியின் ஈரத்தலையை நினைத்து ராத்திரி தூங்காத டாரில், விடியலில் தானே கூப்பிட்டு எழுதிக்கோ என்றானாம்; அவள் கிடங்குக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் வா என்று தலையசைத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

டாரில் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மெர்வ். காலைல ஆறுலேர்ந்து ராத்திரி எட்டு. பதினாலு மணி. எழுதிட்டியா? அடுத்தது ஹாக்கிங் தம்பிங்க, ரெண்டு மெஷின், அதே நேரம். அவனுங்க மெஷின் கத்தில ஒரு பல் உடைஞ்சிருக்கும். அறுத்த எடத்துல கை அகலத்துக்கு ஒரு கீத்து நிக்கும், வடக்கு வயல் பூரா நின்னுச்சு. அப்புறம் சில்வியோ. அவனோடது முப்பத்தாறடிக் கத்தி, வைக்கோலை ஒரே பக்கமாத் துப்பும்."

"நீ ஆஸ்பத்திரில இல்ல கெடந்த?" என்றேன் நான்.

"வந்தப்புறம் நடந்து பாத்தேன்."

ரெண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்திருந்த காலம் அது. டாக்டர் நடக்கச் சொன்னார், அதனால் வயலில் நடக்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவன் வயலில் மிஞ்சி நின்ற அடித்தாளைப் படித்துக்கொண்டு நடந்திருக்கிறான். எந்த அகலம், எந்த உயரம், எங்கே திரும்பினான், எங்கே டயர் பதிந்தது என்று பார்த்துப் பார்த்து, பதினோரு பேரையும் லாரி ஓட்டிய ஐந்து பேரையும் கண்டுபிடித்து, மூன்று வருஷமாகத் தலைக்குள் வைத்திருக்கிறான். கணக்கு எழுதினால் மானம் போகும் என்று நேற்று தட்டைத் தள்ளியவன் இவன்தான்.

"எதுக்குடா இதெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"எவனுக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் போகணுமில்ல," என்றான் டாரில். "யாருக்கும் ஒண்ணும் ஆகவும் இல்ல. ஆனாலும் நான் எந்த மெஷின்ல ஏறிப் போறது. தெனம் கொட்டகைல உக்காந்து அதைத்தான் நெனைச்சிட்டிருக்கேன்."

ரேலீன் தலை நிமிரவில்லை. இந்த மூன்று வருஷமும் ஒரே கட்டிலில் படுத்தவனிடமிருந்து இதை முதல்முறையாகக் கேட்கிறாள் என்று அவள் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. எழுதியதைக் கூட்டினாள். இருநூற்றுப் பதினான்கு மணி. இன்னும் எண்பத்தாறு வேண்டும். அவன் வேறு யாரும் இல்லை என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "சாப்பாடு யாரு போட்டதாம்?"

"அதை நான் எங்க பாக்கறது நோலா. சமையலுக்குத் தடம் விழாதே."

நாங்கள் ஒன்பது பெண்கள். பெவ் லிண்ட்னர் உட்பட நான்கு பேர் வின்டர்லி, ஐந்து பேர் கூனாரா. இதே கொட்டகையில்தான் விடியற்காலை தொடங்கி நின்றோம். முட்டையும் பன்றிக்கறியும், பதினொரு மணிக்கு டீயோடு ஸ்கோன் பன், மத்தியானம் வயலுக்கே கொண்டுபோய் ரொட்டியும் இறைச்சியும், சாயங்காலம் ஸ்டியூ. நாற்பத்திரண்டு ரொட்டி வெட்டின என் மணிக்கட்டு ஒரு வாரம் வலித்தது. ஆளுக்குப் பத்து மணி நேரம் போடு என்றேன். சொல்லி முடித்தபின்தான், எழுதாதே என்று நானே மூன்று வாரத்துக்கு முன் சொன்னது ஞாபகம் வந்து காது சூடாயிற்று. ரேலீன் ஒன்பது பெயரையும் எழுதினாள். முந்நூற்று நான்கு.

கையெழுத்துப் போடச் சொன்னபோது டாரில் பேனாவை வாங்கவில்லை. மெர்வின் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றான். நான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தீர்த்துவிட வேண்டிய இரண்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பியதும், மூவரும் அவர்களுடைய பழைய பிக்கப்பில் கிளம்பினோம். மெர்வின் வயல் வாசலை அடைந்தபோது பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். மேற்கே கீழ்வானம் ஈயப்பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தது. காற்று இன்னும் சூடாகத்தான் வீசியது.

அந்தப் பக்கத்தில் ஃபோன் எடுப்பது வாசலை ஒட்டிய மணல்மேட்டில் மட்டும்தான். வயலுக்குள் பத்தடி போனால் செத்துவிடும். ஆகவே மெர்வ் மெஷினை விட்டு இறங்கி மேட்டுக்கு வந்தாக வேண்டும். மெஷினில் அவருக்குப் பதில் ஆள் கிடையாது. மகன் லாரியோடு கிடங்கு வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தான். பெவ் டிராக்டரில் தானியத் தொட்டியை இழுத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். மெஷின் ஒரு சுற்று வர பதினைந்து நிமிஷம். முதல் சுற்றில் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டாவது சுற்றில் கண்ணாடிக்குள்ளிருந்து வானத்தைக் காட்டினார், பிறகு தலையை ஆட்டினார். ரேலீன் வரப்போரமாக ஓடிப் பார்த்தாள், புழுதியில் இருமிக்கொண்டு திரும்பினாள். மணி பதினொன்று இருபத்தைந்து.

"அவரு நிறுத்தமாட்டாரு," என்றாள். "அவர் எடத்துல நான் இருந்தாலும் நிறுத்தமாட்டேன். நூத்தம்பது ஏக்கர் நிக்குது."

டாரில் பிக்கப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்தைப் போட்டான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அறுக்காத கோதுமைக்குள் நடக்க ஆரம்பித்தான். இடுப்புயரப் பயிரில் கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்து, மெஷின் வரும் பாதையில் குறுக்கே போய் நின்றான். நாற்பதடிக் கத்தி அவனை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ரேலீன் என் முழங்கையைப் பிடித்தாள், அந்த நகத்தடம் சாயங்காலம்வரை இருந்தது. பதினைந்தடி தள்ளி மெஷின் நின்றது.

நாங்கள் இருவரும் போய்ச் சேர்வதற்குள் மெர்வ் கதவைத் திறந்து தலையை நீட்டியிருந்தார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? தூசில ஆள் தெரியுமா?"

"எறங்கு மெர்வ்."

"நிறுத்தினா மொத்தமும் நனைஞ்சிரும்டா. உனக்குத் தெரியாததா?"

"நிறுத்தச் சொல்லல. எறங்குன்னுதான் சொல்றேன். நான் ஓட்டறேன்."

மெர்வ் அவனைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார், அப்புறம் ரேலீனைப் பார்த்தார். ஏணியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். ரேலீன் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், நான் பார்த்தேன். ஆனால் சொல்லவில்லை. கைத்தடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மெர்வ் இறங்கினார். டாரில் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"நான் போட்டாச்சு. அன்னைக்கு நீங்கள்லாம் வந்ததுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லல. இப்ப எழுத்துல சொல்லியிருக்கேன். உனக்குப் பிடிக்கலேன்னாலும் படி."

டாரில் ஏற வேண்டியது ஐந்து படி. கம்பியைப் பிடித்து, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி அடுத்த படி. மூன்றாவது படியில் அவன் முதுகு நடுங்கியது. மெர்வ் கீழே நின்று இரண்டு கையையும் பாதி தூக்கி வைத்திருந்தார், ஆனால் தொடவில்லை. நாலு, அஞ்சு. கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கத்தி இறங்கியது, மெஷின் நகர்ந்தது. வளைந்து நெளிந்து பத்தடி போய், பிறகு நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. டிராக்டரில் இருந்த பெவ் எதுவுமே நடக்காத மாதிரி அவன் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

மேட்டுக்கு வந்தபோது பன்னிரண்டுக்குப் பதினேழு நிமிஷம் இருந்தது. ரேலீன் தாள்களைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு ஹன்னாவைக் கூப்பிட்டு, ஃபோனைச் சத்தமாக வைத்துப் பிக்கப்பின் மேல் வைத்தாள்.

இங்கேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் வாரம் கடிதம் வந்தது. பதினெட்டு கேட்டதற்குப் பதினான்காயிரம் கொடுத்தார்கள். காவலுக்கு ஒரே ஆள்தான், பஸ் வாரத்துக்கு நான்கு நாள்தான். ஆனால் நாற்பது டிகிரியைத் தாண்டிய நாளெல்லாம் ஓட்டினேன், அதையும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. இண்டி பஸ்ஸில் எங்கே உட்கார்ந்தாள் என்று கேட்காதீர்கள். வின்டர்லிப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், அது வேறு தலைவலி. என்றாலும் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தப் பணமல்ல, அந்த மேட்டில் நின்ற கால்மணி நேரம்.

ஹன்னா நல்ல பெண். கூனாரா சார்பில் ரேலீன், இந்தக் கணக்கு உண்மைதானே என்று கேட்டாள். உண்மை என்றாள் ரேலீன். வின்டர்லி சார்பில் மிஸ்டர் லிண்ட்னர், நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

மெர்வ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொரு பெயரின் மேலும் வைத்துப் படித்தார். இரண்டு நிமிஷம் போயிற்று. ஹலோ, இருக்கிறீர்களா என்றாள் ஹன்னா. மெர்வ் தலையைத் தூக்காமலே பேசினார்.

"இதுல என் பொண்டாட்டிக்குப் பத்து மணின்னு போட்டிருக்கு. தப்பு."

ரேலீனின் முகம் வெளுத்தது. போச்சு என்று நானும் நினைத்தேன்.

"பன்னெண்டு மணி நேரம் நின்னா," என்றார் மெர்வ். "திரும்பி வந்து கால் வீங்கிப்போய் உப்புத்தண்ணில வச்சிருந்தா. பன்னெண்டுன்னு போடுங்க. மத்ததெல்லாம் சரி. ஹாக்கிங் பசங்க கத்தில பல் உடைஞ்சது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல."

அப்படியானால் ஒப்புக்கொள்கிறீர்களா என்றாள் ஹன்னா. ஒப்புக்கொள்கிறேன் என்றார். நன்றி, விண்ணப்பம் முழுமையாகிவிட்டது என்று அவள் முடிக்கப் போனாள். ரேலீன் பிக்கப்பின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருங்கம்மா," என்றார் மெர்வ். "இன்னொரு பேர் விட்டுப்போச்சு. எழுதிக்கோங்க. டாரில் ஷாட்ஸ், கூனாரா. அறுப்பு மெஷின்."

அவர்தானே பயன்பெற்றவர் என்றாள் ஹன்னா குழப்பத்தோடு.

"அது அன்னைக்கு. நான் இன்னைக்கு நடக்கறதைச் சொல்றேன். லிண்ட்னர் வயல்ல, மழைக்கு முன்னாடி."

சரி மிஸ்டர் லிண்ட்னர், எத்தனை மணி நேரம் என்று போட என்றாள்.

மெர்வ் திரும்பிப் பார்த்தார். தூரத்து வேலியருகே மெஷின் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு முழு மூலையையும் விடாமல், கத்தியை வேலிக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோய், டாரில் அதைச் சுத்தமாக வளைத்து எடுத்தான். மெர்வ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கட்டத்தை மட்டும் காலியா விடுங்கம்மா," என்றார். "அவன் இன்னும் எறங்கல."

மழை ஒன்றே முக்காலுக்குத்தான் வந்தது. அதுவரை டாரில் இறங்கவில்லை.